லேசு என்றது ரிப்போர்ட்

போன வாரம் மாஸ்டரை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. "இதையெல்லாம் மாட்டிக்கிட்டு மனுஷன் தூங்குவானா?" என்று கத்திக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். கத்தி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வாயை மூடாமல் திட்டிக்கொண்டே வருவார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான். ஆள் பெருத்துப் பெருத்து இப்போது அந்தப் பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளுவதற்கு இடமே இல்லை. சர்க்கரை, பிரஷர், கல்லீரலில் கொழுப்பு, மாடி ஏறினால் முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

அவர் மனைவி அதே ஸ்கூலின் முன்னறையில் சாலைக் குறிகளைச் சொல்லிக்கொடுக்கிறவள். சுவர் முழுக்க வட்டமும் முக்கோணமுமாக மாட்டி வைத்திருப்பதால் அவளுக்குப் பெயரே போர்டு அக்கா. இத்தனை வருஷத்தில் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்பது வேறு கதை. ஒரே மகள் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுத் தருகிறாள். இருபத்தைந்து வயதாகியும் வீட்டில் அவள் பொடிசுதான்.

ஆக, மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுக்கிற தொழில். மூன்று பேரும் கத்தித்தான் பேசுவார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பது மட்டும் அந்த வீட்டில் வழக்கம் கிடையாது.

அந்த வீட்டில்தான் ஒரு மாதமாக ஒரே கேள்வி. எடை குறைய மாஸ்டர் வயிற்றை ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா? பொடிசு வேண்டும் என்றாள். மாஸ்டர் காலையில் வேண்டும் என்பார், சாப்பிட்டு எழுந்ததும் வேண்டாம் என்பார். போர்டு அக்கா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. மனசு அப்படிக் குழம்பிக் கிடந்தது.

இன்று காலை மூன்று பேரும் சர்ஜன் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அறை நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. அகலமான நாற்காலி. மாஸ்டர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த நாற்காலி எங்க வாங்கினீங்க டாக்டர்? நம்ம ஆபீசுக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

"அப்பா!" என்றாள் பொடிசு.

சர்ஜன் அம்மா சிரிக்கவில்லை. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பார்க்கத்தான் அந்த மெஷினை வீட்டுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட் லேசுன்னு வந்திருக்கு. உங்க எடைக்கும் கழுத்துச் சுற்றளவுக்கும் இது ரொம்பக் கம்மி. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

"பார்த்தியா?" மாஸ்டர் மகள் பக்கம் திரும்பினார். "லேசாம்."

"பகல்ல தூக்கம் வருதா? வண்டியில உட்கார்ந்திருக்கும்போது?"

"சேச்சே. ஒரு டீ குடிச்சா பளிச்சுனு ஆயிடுவேன்."

பொடிசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் அவள் காலை மிதித்தார். பிரேக் மிதித்துப் பழகிய கால். பொடிசு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சர்ஜன் அம்மா ஒரு காகிதத்தில் பை மாதிரி இரைப்பையை வரைந்தார். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போலத் தைத்துவிடுவார்களாம். அதற்கப்புறம் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். சத்து மாத்திரை ஆயுசுக்கும். எடை இறங்கினால் சர்க்கரையும் பிரஷரும் இறங்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் மந்திரம் எதுவும் இல்லை, பழைய பழக்கத்துக்கே போனால் எடையும் திரும்பி வரும் என்றார்.

"ஆபத்து?" என்று கேட்டாள் போர்டு அக்கா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"இருக்கு. தையல்ல கசிவு வரலாம், ரத்தம் போகலாம். உயிருக்கே ஆபத்துங்கறது ரொம்ப அபூர்வம். ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அதே மாதிரி, இந்த எடையோட அப்படியே இருக்கறதுலயும் ஆபத்து இருக்கு. மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி. அது மெதுவா வரும், அதனால யாரும் பயப்படறதில்ல."

"அப்ப என்னதான் டாக்டர் பண்ணணும்?" என்று மறுபடியும் அவளே கேட்டாள்.

"மூச்சு விஷயம் மோசமா இருந்திருந்தா, தள்ளிப்போடாதீங்கன்னு நானே அழுத்திச் சொல்லியிருப்பேன். இப்ப லேசுன்னு வந்திருக்கறதால அவசரம் இல்ல. ஆறு மாசம் சாப்பாடு, நடை, மருந்துன்னு முயற்சி பண்ணலாம். இல்ல, அடுத்த வியாழக்கிழமை ஒருத்தர் வராததால ஒரு இடம் காலியா இருக்கு, அதுல சேர்ந்துக்கலாம். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லிடுங்க. இது உங்க முடிவு."

உங்க முடிவு என்று சொன்னாலே போர்டு அக்காவுக்குப் பிடிக்காது. நில், போ, வழிவிடு என்று பளிச்சென்று சொல்கிற பலகைகளோடு பழகியவள் அவள்.

எழுந்திருக்கப் போன நேரத்தில், ஏன் கேட்டோம் என்று தெரியாமலே அவள் கேட்டாள். "லேசுன்னு அந்த மெஷின் எப்படி டாக்டர் முடிவு பண்ணும்?"

"மூச்சு நிக்கறதை எண்ணும். பத்து செகண்டாவது நின்னாதான் கணக்குல சேர்த்துக்கும். நாலு, அஞ்சு செகண்ட்ல மூச்சு திரும்பிட்டா விட்டுடும்."

எழுந்திருக்கப் போன போர்டு அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஏனென்றால் அவருடைய குறட்டைச் சத்தம் அவளை எழுப்பியதே இல்லை. குறட்டை நின்றால்தான் அவளுக்கு முழிப்பு வரும். சத்தம் சட்டென்று அறுந்து போகும். உடனே அவள் கை நீண்டு அவர் தோளில் ஒரு தட்டு தட்டும். அவர் ஒரு தரம் திணறி, புரண்டு, மறுபடி ஆரம்பிப்பார். அவள் கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள். வருஷக் கணக்காக அவள் கை தூக்கத்திலேயே பார்க்கிற வேலை அது. அதை ஒரு வேலை என்றே அவள் நினைத்ததில்லை.

மெஷினைக் கொண்டுவந்து கட்டிய பையன் போகும்போது என்ன சொன்னான்? "எப்பவும் போலத் தூங்கச் சொல்லுங்கம்மா. எதையும் மாத்தாதீங்க."

எதையும் மாற்றவில்லை. அன்றைக்கும் எப்பவும் போலத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சர்ஜன் அம்மாவின் மேஜைமேல் அந்த இரைப்பைப் படம் கிடந்தது. வெட்டுகிற இடத்தில் பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தார். சொன்னால் லேசு மோசமாகும். மோசமானால் வியாழக்கிழமை கத்தி. அபூர்வம் என்றாரே, அந்த அபூர்வத்தில் ஒருவர் இவராக இருந்துவிட்டால்?

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்ல டாக்டர்" என்று மென்று விழுங்கினாள்.

திரும்பும்போது மாஸ்டர்தான் வண்டி ஓட்டினார். உற்சாகத்தில் ஸ்டியரிங்கில் தாளம் வேறு.

"ஓடற வண்டியோட இன்ஜினை எவனாவது வெட்டிப் பாதியாக்குவானா? லேசு! டாக்டரே சொல்லிட்டாங்க."

"ஓடுதா? நாங்க ரெண்டு பேரும் பின்னாலிருந்து தள்ளிட்டு வர்றோம்ப்பா" என்றாள் பொடிசு. "படி ஏறினா மூச்சு வாங்குது. பூட்ஸ் லேஸ் கட்ட அம்மா வேணும். டாக்டர்கிட்ட டீன்னு ஒரு பொய். போன வாரம் சிக்னல்ல தூங்கினது யாரு?"

"கண்ணை மூடி யோசிச்சேன்."

"குறட்டை விட்டு யோசிச்சீங்க."

"நீ சொல்லும்மா" என்று மாஸ்டர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "உனக்கு என்ன தோணுது?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள் போர்டு அக்கா.

பொடிசு திரும்பி அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். குளத்து வாசலில் இறங்கும்போது, "நீயும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று போர்டு அக்காவுக்கே தெரியவில்லை.

மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அப்பாடா! என் தம்பி வயித்துல கத்தி படாம தப்பிச்சுது. நல்ல சேதி சொன்னே" என்று குளிர்ந்து போனாள். போர்டு அக்காவுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. மறு நிமிஷமே அந்த நிம்மதி போய்விட்டது. நல்ல சேதிதானே, ஏன் மனசில் ஒட்ட மாட்டேன் என்கிறது?

முன்னறையில் புதிதாகச் சேர்ந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் கோடு போட்ட அட்டை ரோடு, அதில் பொம்மைக் கார்கள். போர்டு அக்கா குச்சியை எடுத்துச் சுவரில் ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டினாள்.

"இது என்னன்னா, தாராளமா உள்ள போகலாம்."

நாலு பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் தயங்கி, "அக்கா, புஸ்தகத்துல நுழையக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்றான்.

போர்டு அக்கா பலகையைப் பார்த்தாள். நுழையக் கூடாதுதான். இத்தனை வருஷத்தில் நடக்காத தப்பு. "அடிச்சுட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, வகுப்பைப் பாதியிலேயே முடித்து அனுப்பிவிட்டாள்.

டாக்டருக்குப் போன் செய்யலாமா? செய்து என்ன சொல்வது? என் கைதான் உங்கள் மெஷினை ஏமாற்றிவிட்டது என்றா? சிரிப்பார்களா, திட்டுவார்களா? சொல்லாமல் விட்டால்தான் என்ன? கை இருக்கிறது, தட்டிக்கொண்டே இருந்தால் போகிறது. ஆறு மாசம் நடக்கட்டும், சாப்பாட்டைக் குறைக்கட்டும். குறைப்பாரா? அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பிஸ்கட்டைக் கண்டுபிடித்துத் தின்கிற மனுஷன் குறைப்பாரா? போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. லைப்ரரி அம்மா இறங்கி, முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே வந்தாள்.

ஐம்பது வயதில் வண்டி கற்றுக்கொள்கிற நூலகர் அவள். சாதாரணமாக வகுப்பு முடிந்து வரும்போது அழுதுவிடுகிற நிலையில்தான் வருவாள். மாஸ்டரின் திட்டு அப்படி.

"போர்டு அக்கா, இன்னைக்கு மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லலை!"

"அப்படியா?"

"ஒரு வார்த்தை! ரவுண்டானாவுல வெளிய வரத் தெரியாம ரெண்டு சுத்து சுத்தினேன். வாயே திறக்கலை. ஸ்கூல் வேன் ஒண்ணு குறுக்க வந்துச்சு, நானே பிரேக் போட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே வந்தார். எனக்கு எவ்வளவு தைரியம் வந்துச்சு தெரியுமா? நான் தேறிட்டேன்னுதானே அர்த்தம்?"

போர்டு அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் பின்னாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பரவாயில்ல, இன்னைக்கு நல்லா ஓட்டினாங்க" என்றார்.

"எந்த ரோட்டுல போனீங்க?" என்று கேட்டாள் போர்டு அக்கா.

"எப்பவும் போற ரோடுதான். மார்க்கெட் வழியா."

"இல்லையே மாஸ்டர்!" லைப்ரரி அம்மா சிரித்தாள். "மார்க்கெட் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களே. பாலத்து வழியா சுத்தித்தானே வந்தோம்? நான் பாலம் ஏறட்டுமான்னு கேட்டேன், நீங்க தலையாட்டினீங்களே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். போர்டு அக்கா முகத்தைப் பார்த்தாள். பூரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அந்த அம்மாளின் உதடு வெளுத்துவிட்டது.

"அப்ப பாலத்துல நான் தனியாவா ஓட்டினேன்?"

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்டு அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா எழுந்து, யாரையும் குறை சொல்லாமல், நாளைக்கு வர முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பது வருஷமாக எத்தனை பேரின் உயிரை அந்த இரண்டாவது பிரேக்கில் வைத்திருந்தவர்! அதில் இன்று ஆளே இல்லை.

"டீ குடிக்காம போயிட்டேன்" என்றார். சொன்னது அவருக்கே எடுபடவில்லை.

"ஏங்க, உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

போர்டு அக்கா சொன்னாள். முன்னும் பின்னுமாக, தலையை விட்டு வாலில் ஆரம்பித்துச் சொன்னாள். குறட்டை நிற்பது, கை தட்டுவது, பத்து செகண்ட், எப்பவும் போலத் தூங்கச் சொன்ன பையன். நடுவில் பொடிசு ஈரத்தலையோடு வந்து வாசலில் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அப்ப லேசு இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"தெரியலங்க. நான் தட்டினதால லேசுன்னு வந்திருக்கலாம்."

"இதை நீ டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கலாமே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா அறுத்துடுவாங்கன்னு பயந்தேன். போதுமா?" அவள் குரல் உடைந்தது. "அறுக்காம விட்டா நீங்க இருப்பீங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு ஸ்கூல் வேன்னு அந்தம்மா சொன்னதும்தான், இருக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. வேனுக்குள்ள யாரு பெத்த பிள்ளைங்களோ, அதுவும் தோணுச்சு."

மாஸ்டர் கோபப்படுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடிய விடிய தட்டுவியா?"

"ஆமா."

"அப்ப நீ எப்பத் தூங்குவே?"

அதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "அதெல்லாம் நடுநடுவுல தூங்குவேன்" என்று முணுமுணுத்தாள். அழுகை வந்துவிட்டது.

பொடிசு உள்ளே வந்து போனை எடுத்தாள். "டாக்டருக்குப் போடறேன். அப்பா, நீங்களே பேசுங்க. பொய் ஒண்ணுகூட வரக் கூடாது."

மாஸ்டர் பேசினார். தூங்கியதைச் சொன்னார். மனைவியின் கையைப் பற்றிச் சொன்னார். கடைசியில் ஒரே போடாகப் போட்டார். "டாக்டர், வியாழக்கிழமையே வெச்சுக்கலாம். நான் ரெடி."

பொடிசு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப நான் ரெடி இல்லையே" என்றார் சர்ஜன் அம்மா. "மூச்சு நிக்கறது மோசமா இருந்தா மயக்க மருந்து கொடுக்கறதுல அதுக்குன்னு தனி ஜாக்கிரதை வேணும். லேசுன்னு நம்பி நான் கத்தியை எடுத்திருந்தா? நல்லவேளை சொன்னீங்க. இன்னைக்கு ராத்திரி இங்க ஒரு பெட் காலியா இருக்கு. வந்து படுங்க. நர்ஸ் பக்கத்துல இருப்பாங்க, ஆக்சிஜன் குறைஞ்சா அவங்க பார்த்துக்குவாங்க. உங்க வீட்டம்மா பக்கத்துல படுக்கக் கூடாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுப் பேசுவோம். மூச்சுக்கு மாஸ்க் போடணுமா, எப்ப ஆபரேஷன், ஆபரேஷனே சரிதானா, எல்லாம் அப்புறம். அதுவரைக்கும் ஸ்டியரிங் பக்கமே போகாதீங்க. பக்கத்து சீட்டும் கூடாது."

காலையில் வேண்டாம் என்றவர் வேண்டும் என்கிறார். செய்துகொள்ளலாம் என்ற டாக்டர் பொறுங்கள் என்கிறார். நடுவில் போர்டு அக்கா. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொழுது சாயும்போது கிளம்பினார்கள். பொடிசு ஓட்டினாள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் முன் கதவைத் திறந்தார். பொடிசு ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். சொந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. பெல்ட்டைத் தேடினார். அவள் எடுத்து மாட்டிவிட்டாள்.

"கிளட்சை ஏன் இப்படிக் கடிக்கறா?" என்றார்.

"சும்மா வாங்க."

கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தணித்துக்கொண்டார். "போன்ல வீராப்பா சொல்லிட்டேனே தவிர, உள்ளுக்குள்ள உதறுது. முக்கால் வயிறு போச்சுன்னா அப்புறம் நான் நானா இருப்பேனான்னே தெரியல. ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு யோசிக்கத் தெரியல. நீ வேணும்னா வேணும். நீ வேண்டாம்னா வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல் வர்றதுக்குள்ள சொல்லிடு. நான் அதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லுவேன்."

"என் தலையில ஏன் கட்டறீங்க?"

"வேற யார் தலையில கட்டுவேன்?"

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். கடைகளில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மனசு ஒரு தெருவுக்கு வேண்டும் என்றது, அடுத்த தெருவுக்கு வேண்டாம் என்றது. சைக்கிள் கடை தாண்டும்போது தீர்மானத்துக்கு வந்துவிட்டாள். வேண்டாம். மாஸ்க் கொடுத்தால் மாஸ்க், மருந்து கொடுத்தால் மருந்து. நடக்க வைக்கலாம். பிஸ்கட்டைத் தெருவில் கொட்டலாம். கத்தி மட்டும் வேண்டாம். பயந்தவள் என்று பொடிசு ஏசட்டும். புருஷன் முழுசாக இருந்தால் போதும்.

அதைச் சொல்லத் திரும்பினாள். மாஸ்டர் தூங்கிவிட்டிருந்தார்.

தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருந்தது. குறட்டை வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எழுப்ப மனசு வரவில்லை. அப்புறம், நடுவில் அறுத்தாற்போலக் குறட்டை நின்றது.

அவள் கை தானாக நீண்டது.

"அம்மா." பொடிசு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். "தட்டாதே. ஒரே ஒரு தடவை."

"மூச்சு நின்னுடுச்சுடி!"

"ராத்திரி டாக்டர் பார்க்கப் போறதை நாமளும் ஒரு தடவை பார்ப்போம். நான் இருக்கேன்."

போர்டு அக்கா கையை இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவில் அழுத்திக்கொண்டாள். மாஸ்டரின் நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. வயிறு எக்கி எக்கி இழுத்தது. இதோ வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் கிளம்பிப் போய்விட்டது. இன்னும் வரவில்லை. அவர் உதட்டோரத்தில் நிறம் மாறுவது தெரு விளக்கில் தெரிந்தது. அவள் வாய்விட்டு அலறப் போன நேரத்தில், உடம்பே ஒரு தூக்கு தூக்கிப் போட, பெரிய சத்தத்தோடு அவர் மூச்சை இழுத்தார். இழுத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல மறுபடி குறட்டை விட்டார்.

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் இதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க அவள் கை விட்டதே இல்லை.

பொடிசு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். "என் பிள்ளைங்க யாராவது தண்ணிக்குள்ள அவ்வளவு நேரம் இருந்தா, நான் துணியோட குதிச்சிருப்பேம்மா" என்றாள். அவள் குரலில் கத்தல் இல்லை. வண்டியைக் கிளப்பினாள்.

ஆஸ்பத்திரி வளைவில் மாஸ்டர் கண் விழித்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். "என்ன, அதுக்குள்ள வந்துட்டோமா? நல்ல தூக்கம்" என்றார். பிறகு ஞாபகம் வந்து அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு. வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லத் தயாராக வைத்திருந்த வார்த்தையை அவள் தேடிப் பார்த்தாள். அது வாயில் இல்லை. வேண்டும் என்ற வார்த்தையும் வரவில்லை. வாசலில் சக்கர நாற்காலியோடு ஒருவர் நின்று இவர்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு? சொல்லேன்."

"முதல்ல இறங்குங்க" என்றாள் போர்டு அக்கா.

"எதுக்கு இறங்கறேன்னு தெரிய வேண்டாமா? டெஸ்ட்டுக்கா, ஆபரேஷனுக்கா?"

"மூச்சு விடறதுக்கு" என்றாள் அவள். "இறங்குங்க."